'வீடு பூட்டியிருக்கிறது' என்று எழுதப்பட்டவர்கள்

திருப்பதியில் வருஷம் முழுக்க மார்கழி மாதிரி குளிரும் ஓர் அறை இருக்கிறது. அதைத் தினமும் காலையில் துடைப்பவள் என் மனைவி வள்ளி. ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் அவளுக்குத் துப்புரவு வேலை. பெண்களின் மார்பைப் படம் எடுக்கும் இயந்திரம் அந்த அறையில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்று வந்து, "பவுடர் போட்டுக்கினு வரக்கூடாதுன்னு செவுத்துல எழுதி ஒட்டிக்கிறாங்க. போட்டா படத்துல புள்ளி புள்ளியா தெரியுமாம்" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால்தான் பவுடர் டப்பாவையே தேடுவார்கள்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். தமிழ்நாட்டில் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்து, அலிபிரி சாலையில் ஒரு லாட்ஜில் போர்வையும் தலையணை உறையும் துவைக்கிறேன். நாலு பேர் முன்னால் பேச வராது. இதை எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல வெளியூரில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் இது தெரிய வேண்டும்.

ஒரு நாள் குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வள்ளி மெதுவாகச் சொன்னாள்: "எனுக்கு இடது மார்ல ஒரு கட்டி கீது. நாலு மாசமா."

"நீ வேலை செய்யற எடத்துலயே கேட்டிருக்கலாமே."

"அது காசு கட்டி வர்றவங்களுக்கு. நான் தொடைக்கறவ."

எனக்கு என் அண்ணி நினைவுக்கு வந்தாள். அவளும் மார்பில் வந்த கட்டியைத் துணி சுற்றி மறைத்தே வைத்திருந்தாள். எங்களுக்குத் தெரிந்தபோது டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். எங்கள் ஊர் நர்சம்மா தெருவில் நின்று ஒவ்வொரு மருமகளையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் அண்ணியிடம் இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. திருப்பதியில் கேட்பதற்கு ஆள் உண்டு. அவர்களுக்கு எங்கள் பேர் தெரியாது, அவ்வளவுதான்.

அந்த மாதமே எங்கள் வார்டுக்கு மார்பைப் படம் எடுக்கும் இயந்திரம் வைத்த பஸ் ஒன்று ஒரு நாள் வருவதாகச் சொன்னார்கள். பரிசோதனை இலவசம். பட்டியலில் பேர் இருக்க வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பேர் எழுதும் ஆஷா ஊழியர் ரமணம்மாவிடம் வள்ளி போனாள், நான் பின்னால் நின்றேன். அவர் ரிஜிஸ்டரைப் புரட்டி, "மீ இல்லு எப்புடூ தாளமே கதம்மா" என்றார். உங்கள் வீடு எப்போதும் பூட்டியேதானே இருக்கிறது என்று அர்த்தம். அவர் கணக்கெடுக்க வருவது காலை பத்து மணிக்கு. எங்கள் சந்துப் பெண்கள் ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார்கள். சந்தின் பதினொரு வீட்டுக்கும் நேராகப் பூட்டு என்ற அதே ஒரு சொல்தான் எழுதியிருந்தது.

"நாங்க காலி பண்ணிக்கினு போவலம்மா, வேலைக்குப் போறோம்" என்றாள் வள்ளி.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ரமணம்மா, ஊரின் அந்தக் கோடியிலிருந்து வந்து, ரிஜிஸ்டரோடு எங்கள் குழாயடியில் நின்றார். வரிசையில் குடத்தோடு நின்ற ஏழு பெண்களின் பேரை எழுதிக்கொண்டார். யாரும் அவரை அந்த நேரத்தில் வரச் சொல்லவில்லை.

பஸ் வந்த அன்று வள்ளி தவிர ஆறு பேரும் கழுத்துவரை வெள்ளையாக வந்து நின்றார்கள். பவுடர் வேண்டாம் என்று வள்ளி முந்தின நாளே சொல்லியிருந்தாள். "டாக்டரம்மா முன்னாடி வேர்வை நாத்தத்தோட நிக்கச் சொல்றியா?" என்று கேட்டார்களாம். பஸ்ஸில் படம் எடுக்கும் பெண் பார்த்துவிட்டு, இப்படி வந்தால் எடுக்க முடியாது, போங்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டாள். வள்ளி வாளியில் தண்ணீரும் ஒரு துண்டும் கொண்டுவந்தாள். பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு பேர் புடவையை மறைப்பாகப் பிடிக்க, ஒவ்வொருத்தியாகத் துடைத்துவிட்டாள். எதிர் டீக்கடையில் நின்றிருந்த எனக்கு அவர்கள் சத்தம் கேட்டது.

"இன்னாடி, டப்பாவையே கவுத்துக்கினியா? பொண்ணு பாக்கவா வர்றாங்க?"

"மாப்ள யாருன்னு சொல்லு, துடைச்சுக்கறேன்."

ஆறு பேரும் முடித்து வர நேரமாகிவிட்டது. வள்ளிதான் கடைசி. படம் எடுக்கும் பெண் இயந்திரத்துக்கு உறை போட்டுவிட்டாள், டிரைவரும் ஏறிவிட்டார். என் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. சாலையைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லை. ரமணம்மா பஸ் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். "ஒக்கரு உன்னாரு" என்றார், இன்னும் ஒருத்தர் பாக்கி என்று. நேரம் முடிந்தது என்றாள் அந்தப் பெண். "நன்னு தாட்டுகுனி போண்டி" என்றார் ரமணம்மா. என்னைத் தாண்டிக்கொண்டு போங்கள். அந்தப் பெண் ஒரு நிமிஷம் பார்த்தாள், சிரித்துவிட்டாள், உறையைக் கழற்றினாள்.

மற்ற ஆறு பேருக்கும் ஒன்றுமில்லை. வள்ளிக்கு இருந்தது. ஊசியால் சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான் என்று உறுதி செய்தார்கள். சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டீர்கள், நல்லது என்றார் டாக்டர். ஆனால் எங்கள் காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டு அட்டை. அதைக் காட்டினால் இங்கே இலவச வைத்தியம் கிடையாது. திருப்பதியில் எடுத்த படத்தோடு சென்னைக்கு பஸ் ஏறினோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மூன்றாம் நாள் வார்டு வாசலில் நின்றிருந்தபோது ரமணம்மா போன் செய்தார். முதலில் வள்ளி சாப்பிடுகிறாளா என்று விசாரித்தார். பிறகு, ரிஜிஸ்டரைத் திருத்தி எழுதுவதாகச் சொல்லி, "இக்கட உன்னாரா, வெள்ளிபோயாரா அன்னா?" என்று கேட்டார். இங்கே திருப்பதியில் இருக்கிறீர்களா, ஊருக்கே போய்விட்டீர்களா? உள்ளே நர்ஸ், தமிழ்நாட்டு அட்டையில் இருக்கிறபடி வள்ளியின் பேரையும் எங்கள் ஊர்ப் பேரையும் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் தெலுங்கில் யாரிடமும் வாய் திறந்தவனில்லை. சென்னையில் நின்றுகொண்டு, "இக்கடே" என்றேன், இங்கேதான் என்று. அவர் எழுதி முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.