ஏணியடியில் நின்ற அம்மா

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் வணக்கம்.

முதல் பக்கத்துக்குச் சித்தப்பா எழுதித் தந்த வரி, "யார் தயவுமின்றித் தன் காலில் நின்ற தாய்." அதைப் போடக்கூடாது என்றேன். "பெத்தவளப் பெருமையாச் சொன்னா உனக்கு ஏங் கண்ணு கோவம் வருது?" என்றார். பேச்சு தடித்தது. அச்சுக்குப் போகும் நாள்வரை இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் கோபத்தின் காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அம்மா பிறந்தது மலையடிக் குப்பனூரில். மலைமேல் இருக்கும் வாழவந்திக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, அப்பாவுடன் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்தார். மிளகு பறிக்கும் பருவத்தில் உயரமான மரங்களில் ஒற்றை மூங்கில் ஏணி சாத்தி அப்பா ஏறுவார். அடியில் அம்மா பிடித்துக்கொள்வார்; பிடி விட்டால் ஏணி புரண்டுவிடும். கல்லூரி விடுமுறையில் ஒருநாள் நான் சோறு கொண்டுபோயிருந்தபோது, அப்பா கொடியை இழுத்ததில் குளவிக்கூடு கலைந்தது. சுற்றி நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். குளவிகள் அம்மாவின் முகத்தை மொய்த்தன.

"உட்டுட்டு ஓடியாம்மா!" என்று அலறினேன்.

அம்மா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ஏனுங்க, பதறாம எறங்குங்க. நான் புடிச்சுட்டுத்தான் இருக்கறேன்."

அப்பாவின் கால் தரையில் பட்ட பிறகே கையை எடுத்தார். ஓடியவர்கள்தான் திரும்பி வந்து, கண் திறக்க முடியாமல் கிடந்தவரைக் கம்பளியில் தூக்கிப்போனார்கள். ஓடியதற்காக அவர்களை அம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அந்நாளில் நான் சுயசார்புத் தத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். உன்னையே நம்பு, ஊர் வாய்க்கு அஞ்சாதே, பிறரைச் சார்ந்தவன் பாதி அடிமை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அம்மாவிடம் சொன்னேன். "நொம்பச் சரி. உன் கூடைய நீதான் சொமக்கோணும். ஆனா புடிக்க ஆளில்லாம ஏறாத கண்ணு. ஆள் ஏறிட்டா உட்டுட்டுப் போகாத" என்றார். நான் விடவில்லை. உதவியவர்கள் பிறகு சொல்லிக்காட்டுவார்களே என்றேன். "சொல்லிட்டுப் போறாங்க" என்று முடித்துவிட்டார். அந்தப் பதில் எனக்கு இன்றும் முழுதாகச் செரிக்கவில்லை. பிறரைச் சார்வதைத் தத்துவம் பலவீனம் என்றது. அம்மா அதை வேலையின் ஒரு பகுதியாகவே எண்ணினார்.

நான் கல்லூரி முடிக்கும் முன்பே அப்பா நோயில் போய்விட்டார். தம்பியையும் என்னையும் அம்மா தனியாகக் கரையேற்றினார் என்று ஊர் சொல்லும். சொன்னவர்களை அம்மா அங்கேயே மறித்து, பக்கத்து வீட்டுப் பழனியம்மாக்கா எங்களுக்கும் சேர்த்து உலை வைத்த நாட்களைச் சொல்வார்.

சென்ற ஆண்டு அடைமழையில் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. பெரிய சாலையில் பாறை விழுந்து வழி அடைபட்டதால், குப்பனூர்ப் பாதையில் ஜீப்பில் இறங்கினோம். படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. பின் இருக்கையில் உட்கார்த்தி அணைத்துப் பிடித்தேன். ஒவ்வொரு வளைவிலும் சரிந்தார். என் கை தளர்ந்துகொண்டே வந்தது. பயத்தில் எனக்கு அழவும் வரவில்லை.

"ஆரு புடிச்சிருக்கறது?" என்றார் கண்மூடியபடி.

"நாந்தாம்மா."

"நீ ஒருத்தி பத்தாது சாமி. பழனியம்மாளக் கூப்புடு."

முன்னிருக்கையிலிருந்து பழனியம்மாக்கா பின்னால் வந்து மறுபக்கம் பிடித்தார். பிறந்த ஊரைத் தாண்டி, சேலம் மருத்துவமனை வரை இருவரும் கையை எடுக்கவில்லை. அங்கே இரண்டு நாள் எங்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு அம்மா அடங்கினார்.

பழனியம்மாக்காவுக்கும், மழையில் வண்டி ஓட்டியவருக்கும், வழியில் விழுந்த கிளைகளை இழுத்துப் போட்டவர்களுக்கும், மருத்துவர், செவிலியருக்கும், அம்மாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதைப் படித்த சித்தப்பா பேனாவை வாங்கித் தன் வரியைத் தானே அடித்தார். முதல் பக்கத்தில் அம்மாவின் படத்துக்குக் கீழே இப்போது இருப்பவை அம்மாவைத் தாங்கிப் பிடித்த உங்கள் பெயர்கள்.