அக்கா வீட்டுக்கு நுழைவுக் கட்டணம்

கனடாவில் நான் வாரக்கடைசியில் நடக்கப் போகும் தேசியப் பூங்காவின் பின்வாசலில் ஆளே கிடையாது. ஓர் இரும்புப் பெட்டி நிற்கிறது, பக்கத்தில் காகித உறைகள். காசை உறைக்குள் வைத்து, மேலேயும் ஓரத்துத் துண்டிலும் வண்டி எண்ணை எழுதி, அந்தத் துண்டைக் கிழித்துக்கொண்டு உறையைப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். கிழித்த துண்டைக் கார்க் கண்ணாடிக்குள் தெரியும்படி வைக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. இதை நம் ஊரில் வைத்தால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று இங்குள்ள தமிழர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

போன கோடையில் ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மா வந்திருந்தாள். அவள் கையில் நோட்டைக் கொடுத்து, "அந்தப் பெட்டியில போட்டுட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டு நான் வண்டியை நிறுத்தப் போனேன். அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நோட்டை நான்காக மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு வந்தாள். உறையும் இல்லை, துண்டும் இல்லை. ஏரியைச் சுற்றிவிட்டு வந்தபோது கார்க் கண்ணாடியில் அபராதச் சீட்டு செருகியிருந்தது.

பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்து நடந்ததை எல்லாம் விளக்கினேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். "அப்படியென்றால் அது நன்கொடை. உங்கள் அம்மாவின் தாராள மனதுக்கு எங்கள் நன்றி. ஆனால் கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை" என்றாள். நன்கொடை இல்லையம்மா, அதுதான் கட்டணம் என்றேன். "பிரார்த்தனை செய்தார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று கேட்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டு அம்மாவிடம் கத்தினேன். அவள் அசையவில்லை. "ஏன்டி கத்துற? உண்டியல்ல போட்டதுக்கு யாராச்சும் ரசீது கேப்பாங்களா?"

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. நான் கோபுர நிழலில் வளர்ந்தவள். உண்டியலில் போட்ட காசைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். பெருமாளுக்கு அது சரி. சுங்கச்சாவடிக்கும் அருவிக்கும் பார்க்கிங்குக்கும் அதே கையால், அதே பக்தியோடு போட்டுவிட்டுப் போகிறோமே, அது எந்தச் சாஸ்திரம்? இங்கே இப்படி இல்லை. நுழைவுக் கட்டணத்தை உயர்த்தலாமா என்று பேச எங்கள் நகரத்து மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கிழவர் எழுந்து, போன வருடத்துக் காசில் அந்த மரப்பாலத்தை ஏன் சரிசெய்யவில்லை என்று முகம் சிவக்கக் கத்தினார். அதிகாரி குறித்துக்கொண்டு பதிலும் சொன்னார். ஏரிக்கரைக் கழிப்பறை வாசலில் 'உங்கள் கட்டணத்தில் கட்டப்பட்டது' என்று பலகையே இருக்கிறது. கக்கூஸுக்குப் போய்ப் பெயர்ப்பலகையா என்று முதலில் சிரித்தேன். இவர்களை உத்தமர்கள் என்று எழுத நான் வரவில்லை. பூங்கா வருவதற்கு முன்பு அந்த ஏரிக்கரையில் வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்று எந்தப் பலகையிலும் இல்லை. ஆனாலும் போட்ட காசு எங்கே என்று ஒரு கிழவரால் இங்கே கேட்க முடிகிறது.

என் அக்கா வசந்தாவால் கேட்க முடியவில்லை. அக்கா தன்னோடு கல்லூரியில் படித்தவரைக் கட்டிக்கொண்டு, ஸ்ரீரங்கத்தை விட்டு மலையேறிப் போனவள். திருச்சியிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரம்தான். எந்த மலை, எந்தத் துறை என்று எழுத மாட்டேன். எழுதினால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். ஊருக்கு மேலே ஓர் அருவி இருக்கிறது. அது போன் வீடியோக்களில் எல்லோர் கண்ணிலும் பட்ட பிறகு, அரசுத் துறைக்காரர்கள் மலையடிவாரத்தில் ஒரு கேட் போட்டு வசூல் ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தத் தை மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் காருக்குள் குனிந்து, "எங்கேருந்து வரீங்க?" என்றார். ஸ்ரீரங்கம் என்று நான் சொல்லி வாயை மூடவில்லை. பின் சீட்டிலிருந்து அம்மா பெருமை பொங்க, "என் சின்னப் பொண்ணுங்க. கனடாலேருந்து வந்திருக்கா. அந்த ஊரு சிட்டிசனே ஆயிட்டா!" என்றாள்.

"அப்ப ஃபாரினர் டிக்கெட்டுங்கம்மா."

"நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேங்க."

"தாராளமா போங்க. கேட்டைத் தாண்டித்தானே போகணும்?"

உள்ளூர், வெளியூர், வெளிநாட்டவர் என்று போர்டில் மூன்று விதக் கட்டணம் எழுதியிருந்தது. எனக்கானது, அம்மாவுக்கானதைப் போலப் பல மடங்கு. கொடுத்தேன். இது எதற்கான காசு என்று கேட்டேன். பராமரிப்புக்கு என்றார். எதைப் பராமரிக்கிறீர்கள் என்றேன். "ஆபீஸ்ல கேளுங்கம்மா. எனக்கே ரெண்டு மாசமா சம்பளம் வரல" என்றார். அவரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

பராமரிப்பின் லட்சணத்தை அக்காவின் மரவள்ளிக் காட்டில் பார்த்தேன். அருவிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அவள் பட்டா நிலத்தின் ஓரமாகத்தான் போகிறது. மேலே ஒரு கழிப்பறை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வருகிற அத்தனை பேருக்கும் அவள் காடுதான் கழிப்பறை. பீர் பாட்டில்களை உடைத்து எறிந்துவிட்டுப் போகிறார்கள். கண்ணாடி கிழித்து, திருச்சி புத்தூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்ட பாதத்தோடு அக்கா நொண்டிக்கொண்டு வந்தாள். "கெழங்கு புடுங்க ஆளே வரமாட்டேங்குறாங்கடி. இந்த நாத்தத்துல யாரு எறங்குவா? வித்துடலாங்குறாரு உங்க அத்தான். ரிசார்ட்டுக்காரன் ஒருத்தன் தயாரா நிக்குறான்." விற்பதற்கு அவளுக்கு மனமில்லை. அவள் குரலிலேயே அது தெரிந்தது.

குடியரசு தினக் கிராம சபையில் நான் எழுந்து, கேட்டில் வாங்கும் காசு எங்கே போகிறது என்று கேட்டேன். நாற்காலியில் இருந்த அதிகாரி, "நீங்க இந்த ஊர் வோட்டரா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப உக்காருங்க" என்றார். கேட்டில் பணம் வாங்கும்போது இந்தச் சட்டம் எங்கே போயிருந்தது? அக்கா நொண்டியபடி எழுந்தாள். "நான் வோட்டருங்க. எனக்குக் கணக்குகூட வேணாம். மேல ஒரு கக்கூஸ் கட்டிக் குடுங்க. என் காட்டை விட்டுருங்க." கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்றார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தன.

அன்று சாயங்காலம் அம்மாவின் உண்டியல் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு பாதையின் குறுக்கே அவள் ஒரு கயிற்றைக் கட்டியிருந்தாள். பக்கத்தில் மூடியில் துளை போட்ட நீல நிறப் பிளாஸ்டிக் டிரம். அட்டையில் அவள் கையெழுத்து: 'இது பட்டா நிலம். இதில் போடும் காசில் கக்கூஸ் கட்டப்படும்.' முதல் ஆளாக அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் போட்டாள். முணுமுணுத்துக்கொண்டே என்றாலும், வந்தவர்களும் போட்டார்கள்.

நான் கனடா திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அனுமதியில்லாத வசூல் என்று சொல்லித் துறைக்காரர்கள் ஜீப்பில் வந்துவிட்டார்கள். கழிப்பறை கேட்டபோது வராத ஜீப், டிரம்முக்கு மட்டும் மலையேறி வந்தது. பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் சொல்லிச் சிரித்ததை அவர்கள் செய்தே காட்டிவிட்டார்கள்.

வீடியோ காலில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "ரசீது குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்கன்னு டிரம்மு மேலேயே உக்காந்துட்டேன்டி. சாயங்காலந்தான் எழுதிக் குடுத்தாங்க. 'பிளாஸ்டிக் டிரம் ஒன்று'ன்னு இருக்கு. உள்ள இருந்த காசைப் பத்தி ஒரு வரி இல்ல."

அம்மா அன்று அக்கா வீட்டில்தான் இருந்தாள். திரையில் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. "உள்ள இருந்த காசுக்கு ரசீது எங்கடி? போய்க் கேளு! நான் போட்டதும் அதுல இருக்கு!" அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அக்கா வாரத்துக்கு ஒருமுறை அந்தத் துறை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கிழங்கு இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. ரிசார்ட்காரர் விலையைக் கூட்டியிருக்கிறாராம்.

போன சனிக்கிழமை மறுபடியும் இந்த இரும்புப் பெட்டியிடம் போனேன். உறையிலும் துண்டிலும் எண்ணை எழுதி, துண்டைக் கிழித்துக் கண்ணாடிக்குள் வைத்தேன். கைப்பையில் கிடந்த மலை டிக்கெட்டையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. கோபம்தான். ரோந்து வந்த பூங்காக் காவலர் குனிந்து பார்த்தார். இது எந்தப் பூங்காவின் சீட்டு என்று கேட்டார்.

"பூங்கா இல்லை, என் அக்கா வீடு."

"அக்கா வீட்டுக்குப் போகக் கட்டணமா!" அவர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று பாராட்டிவிட்டு, துண்டில் இருந்த எண்ணையும் வண்டி எண்ணையும் ஒத்துப்பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடிக்குள் இரண்டு சீட்டுகளும் அருகருகே கிடந்தன. தமிழில் அச்சடித்திருந்ததில்தான் 'வெளிநாட்டவர்' என்று இருந்தது.