காலி நாற்காலி தட்டிய மத்தியானம்

முதல்லயே சொல்லிப்புடுதேன் தம்பி, எனக்கு இந்தப் பேய் பிசாசு சமாச்சாரத்துல எல்லாம் நம்பிக்கை கிடையாது. எங்க ஊர்ப் பக்கம் ஒரு கோவில் உண்டு, செவ்வாக்கிழமையானா பொம்பளையள் தலைய விரிச்சுப்போட்டு ஆடுவாளுவ, அதைப் பாத்துச் சிரிச்சு எங்கம்மாட்ட அடி வாங்குனவ நான். தாராவியில கூட, ஒருத்தன் செத்துப்போய் எவனும் குடிவராமக் கிடந்த ஒத்த ரூம் கோலியைத்தான் வாடகை கம்மின்னு பிடிச்சுத் தையல் மெஷினைப் போட்டேன், இன்னை வரைக்கும் ஒண்ணும் வந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது இல்ல. நீங்க படிச்சவிய, ஆபீஸ் வேலையில இருக்கிய, நான் சொல்லப்போறதைக் கேட்டு உள்ளுக்குள்ள சிரிப்பிய. சிரிங்க, ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க. இது ராத்திரி நடந்ததுகூட இல்ல. பட்டப்பகல், வெளிய வெயில் மண்டையப் பொளக்குது.

என் மவன் அருள் செம்பூர்ப் பக்கம் ஒரு மடத்துல துறவியா இருந்தான். நம்ம கிறிஸ்தவ மடந்தான். ஆனா பங்குச் சாமியார் மாதிரி பூசை வைக்க, கல்யாணம் முடிச்சு வைக்கன்னு ஊர் ஊராப் போற ஆளுவ இல்ல இவிய. ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு ஜெபம், தோட்ட வேலை, மறுபடியும் ஜெபம். அந்த வீட்டுக்கு ஒரு தலைவர் உண்டு, அபட்டும்பாவ. அவரை மேல இருந்து யாரும் அனுப்புறது இல்ல, உள்ள இருக்க துறவியளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பாவ. தேர்ந்தெடுத்துட்டா முடிஞ்சுது, அதுக்கப்புறம் அவர் சொல்லு சேசு சொன்ன மாதிரி. விரல்ல மோதிரம், விசேச நாள்ல கையில கோல், பிஷப்பு தோத்தாரு போங்க. நான் பெரிய சாமின்னுதான் கூப்பிடுவேன். மங்களூர்க்காரர். என்ட்ட இந்தியும் உடைஞ்ச தமிழுமாப் பேசுவாவ.

அந்த மடத்துக்கு அங்கி தைச்சுக் குடுக்கதே நாந்தான். மூட்டையைத் தூக்கிக்கிட்டு எங்கூட வந்து போன பய, வந்து வந்து அங்கயே மனசை விட்டுட்டான். எனக்கு ஒத்தப் புள்ள தம்பி. அவங்கப்பா எப்பவோ போய்ச் சேந்தாச்சு. நான் அழுதேன், கத்துனேன், அவனுக்குச் சோறு போடாமப் பேசாமக் கிடந்தேன். கடைசியில பெரிய சாமியே எங்க கோலிக்கு வந்துட்டாவ. துணி வெட்டுற பலகை மேல உக்காந்து சாயா குடிச்சிட்டுச் சொன்னாவ.

"மத்த சாமியாருங்களை எங்க வேணும்னாலும் மாத்தும். நம்ம ஆளு அப்படி இல்ல அம்மா. இந்த வீட்டுலதான் இருப்பேன்னு சத்தியம் பண்ணும். சாகுற வரைக்கும் இந்த வீடு, செத்தா இந்த மண்ணு. நீ ஞாயித்துக்கிழமை எப்ப வந்தாலும் உன் மகன் இருக்கும்."

நான் மயங்குனது இந்தப் பேச்சுலதான். எங்க சால்ல, அந்த வரிசை வீடுவள்ல, ஒவ்வொருத்தி மவனும் துபாய்ல இருக்கான், கனடாவுல இருக்கான், வீடியோவுல முகம் காட்டுதான். என் மவனுக்கு சயான்ல ரயில் ஏறி, குர்லாவுல மாறி, செம்பூர்ல இறங்கி ஒரு ஆட்டோ பிடிச்சாப் போதும். சாகுற வரைக்கும். சரி, கடவுளுக்குக் குடுத்த மாதிரியும் ஆச்சு, கைக்கெட்டுன தூரத்துல வச்சுக்கிட்ட மாதிரியும் ஆச்சுன்னு தலையாட்டிட்டேன்.

அவன் சத்தியம் பண்ணுன நாளை நான் எப்படிச் சொல்ல. கோவில் தரையில குப்புறப் படுக்க வச்சு, மேல ஒரு கறுப்புத் துணியைப் போத்தி, சாவு மணி அடிப்பாவ. உலகத்துக்குச் செத்தாச்சுன்னு அர்த்தமாம். அந்தத் துணியையும் நாந்தான் தைச்சேன், பெரிய சாமிதான் தைக்கச் சொன்னாவ. என் புள்ளைக்கு நானே கோடித்துணி தைச்சுப் போட்ட மாதிரி ஆயிட்டு. அப்புறம் அவன் எந்திரிச்சுப் போய் ரெண்டு கையையும் பெரிய சாமி கைக்குள்ள வச்சான். அவன் சத்தியம் பண்ணுதான், அவர் கையைப் பிடிச்சிருக்காரு, அப்ப ரெண்டு பேருக்கும் சேத்துத்தானே அந்தச் சத்தியம்? அப்படித்தான் நான் நினைச்சேன். அந்த ஒரு நினைப்புலதான் நான் ஏமாந்தேன்.

ஞாயித்துக்கிழமையானா மீன்கொழம்பைத் தூக்குச் சட்டியில ஊத்திக்கிட்டுப் போவேன். மரத்தடியில உக்காந்து தின்னுக்கிட்டே அவியளோட பழைய கதையெல்லாம் சொல்லுவான். முதமுதல்ல பாலைவனத்துல ஒத்தையா இருந்த கிழவங்களைத் தேடிப்போய் அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டு நின்னதுல ஆரம்பிச்சதாம் இந்த அபட்டு. அப்புறம் வெளிநாட்டுல ராசாக்கமாரு தலையிட்டு, தம்பியை மச்சானை எல்லாம் அபட்டா உக்கார வச்சிருக்காவ. அவனுவ மடத்து வாசலையே மிதிக்க மாட்டானுவளாம், வருமானம் மட்டும் மாசாமாசம் போயிருமாம். "நம்ம அபட் அப்படி இல்லம்மா, பக்கா அப்பா"ம்பான். நான் மூணு மணி மத்தியான ஜெபமோ எதுவோ, இருந்து பாத்துட்டுத்தான் வருவேன். பாட்டெல்லாம் முடிஞ்சதும் எல்லாரும் முழங்கால் போட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருப்பாவ. பெரிய சாமி விரலை மடக்கி நாற்காலிக் கைப்பிடியில ஒரு தட்டு. டொக். அப்பத்தான் எந்திரிக்கணும். தட்டாம ஒருத்தனும் எந்திரிக்கப்படாது, தும்மக்கூட யோசிப்பானுவ.

இப்படி இருக்கையில பெரிய சாமி ஒரு நாள் தூக்கத்துலயே போயிட்டாவ. எங்கப்பன் செத்ததுக்குக்கூட நான் அப்படி அழல. அவர் நாற்காலியில ஒரு சிலுவையை வச்சாவ. சாப்பாட்டு மேசையிலயும் அவர் இடத்தைக் காலியா விட்டு, அவருக்குப் போடுற சோத்தை முப்பது நாளைக்கு வாசல்ல ஒரு ஏழைக்குக் குடுத்தாவ, அது அவிய வழக்கம். மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. அந்த முப்பது முடியவும், அவருக்கு அடுத்த ஸ்தானத்துல இருந்த சின்ன சாமி என்னையக் கூப்பிட்டு உக்கார வச்சாவ.

"அம்மா, இந்த வீட்டை மூடப்போறோம். ஏழு பேருதான் மிச்சம், அதுல நாலு பேருக்கு நடக்கவே முடியாது. ஆளுக்கு ஒரு மடத்துக்குப் போறோம். அருள் வடகிழக்குல ஒரு மலைக்குப் போறான்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிட்டு. "பெரிய சாமி கண்ணை மூடவும் வேலையைக் காட்டுதியளாக்கும்? எந்த பில்டருக்கு எழுதிக் குடுத்திய?"ன்னு கேட்டுட்டேன். அந்த மனுசன் கோவப்படல. தரையைப் பாத்துக்கிட்டே சொன்னாவ.

"முடிவு எடுத்ததே பெரிய சாமிதாம்மா. ஒரு வருசத்துக்கு முன்னாலயே."

பக்கத்துல அருள் நிக்கான். நான் அவன் மூஞ்சியைப் பாத்தேன். அதுல ஒரு ஆச்சரியமும் இல்ல.

"ஏலே, உனக்குத் தெரியுமால?"

"தெரியும்மா. இந்த மாதிரி பெரிய விஷயத்துக்கு எல்லாரையும் கூட்டிக் கேக்கணும், அதான் எங்க ரூல். வயசுல சின்னவனையும் கேக்கணும். என்னையும் கேட்டாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

"அப்புறம்?"

"கேக்குறது அவர் கடமைம்மா. முடிவு அவரோடது. வெளிய சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு."

ஒரு வருசம் தம்பி. ஒரு வருச ஞாயித்துக்கிழமை என் மீன்கொழம்பைத் தின்னுக்கிட்டு, பாலைவனக் கதையெல்லாம் சொன்னானே, இதைச் சொன்னானா? அந்தப் பெரிய மனுசன்தான் ஆவட்டும், போன கிறிஸ்மஸ்க்குப் புது அங்கிக்கு அளவு குடுத்துக்கிட்டு நின்னாவ, என் இஞ்சு டேப்பு அவர் தோள்ல கிடக்கு, "உன் மகன் நல்லா இருக்கும் அம்மா"ன்னு என் தலையில கை வச்சாவ. அந்தக் கையை நினைச்சா எனக்கு இப்பவும் எரியுது. வெளிய வந்து வாசல்ல அவர் கல்லறையைப் பாத்து மண்ணை அள்ளித் தூத்தணும் போல இருந்துச்சு. தூத்தல. ஆனா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அருள் பின்னாலயே ஓடி வந்து என் கையைப் பிடிச்சான். "டென்ஷன் மத் லே மா, கவலப்படாத. நான் சத்தியம் பண்ணுனது இந்த வீட்டுல. நான் போகல. கடைசி ஜெபத்துல நான் முழங்கால்லயே இருப்பேன், எந்திரிக்க மாட்டேன்." எந்திரிக்காட்டா கீழ்ப்படியலன்னு எழுதி, கடைசியில வீட்டுக்கு அனுப்பிருவாவ. எனக்கு அதானே வேணும்! வீட்டுக்கு வந்து அவன் கட்டிலுக்குப் புதுத் தலகாணி உறை தைச்சுப் போட்டேன்னா பாத்துக்கிடுங்க.

அந்த நாளும் வந்துச்சு. மத்தியான ஜெபம். வெளிய ஒரு டெம்போவுல சாமானெல்லாம் ஏத்தி, ரெண்டு வண்டி நிக்கி. கோவிலுக்குள்ள ஃபேன் சத்தம்கூட இல்ல, கழட்டியாச்சு. முன்னால ரெண்டு பக்கமும் அவிய ஏழு பேரு, நடுவுல சிலுவை வச்ச அந்தக் காலி நாற்காலி. பின்னால, வெளிய இருந்து வாரவிய உக்காருற மரப் பெஞ்சுல நான் ஒருத்தி மட்டும். பாட்டு முடிஞ்சுது. முழங்கால் போட்டாவ. பெரிய சாமி போனதுல இருந்து சின்ன சாமிதான் தன் இடத்துல இருந்தே தட்டுவாவ. அன்னைக்கு அவர் தட்டல. ரெண்டு கையாலயும் மூஞ்சியைப் பொத்திக்கிட்டு, முதுகு குலுங்கக் குலுங்க அழுதுக்கிட்டு இருந்தாவ, அது எனக்கு நேராத் தெரியுது.

தட்டாததால ஒருத்தரும் எந்திரிக்கல. நேரம் போவுது. நடக்க முடியாத கிழங்க நாற்காலியில தலையக் கவுத்துக்கிட்டே இருக்காவ. டெம்போக்காரன் ரெண்டு தடவை ஹார்ன் அடிச்சான். நான் அருளோட பிடரியையே பாத்துக்கிட்டு இருக்கேன். பையை ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருக்கேன், இது எனக்குச் சத்தியமா ஞாபகம் இருக்கு. அந்தக் காலி நாற்காலியைப் பாத்து மனசுக்குள்ள சொன்னேன், வேய், நீரு எனக்குப் பண்ணுன துரோகத்துக்கு இந்த ஒண்ணையாவது செய்யும், இவனுவளை இப்படியே இருக்க விடும், என் புள்ளையை எனக்கு விட்டுரும்.

டொக்.

நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. ஒரே தட்டு. விரலை மடக்கி மரத்துல தட்டுற அதே சத்தம். சின்ன சாமி கை மூஞ்சியிலதான் இருந்துச்சு. மத்தவிய கை அவிய நெஞ்சுல. அந்த நாற்காலியில இருந்த சிலுவை அப்படியே இருக்கு, ஆடக்கூட இல்ல. ஆனா சத்தம் கேட்டுது. எந்திரிக்க முடிஞ்ச அவ்வளவு பேரும் எந்திரிச்சாவ. முதல்ல எந்திரிச்சது யாருங்க? என் மவன்.

செத்தும் விடலையே மனுசன்! நான் கெஞ்சிக் கேட்ட ஒண்ணையும் செய்யாம, குழிக்குள்ள இருந்து வந்து எம்புள்ளைய எழுப்பி அனுப்பிட்டாரேன்னு நினைச்சேன். அருள் வரிசையில நடந்து என்னைத் தாண்டிப் போகையில ஒரு நிமிசம் நின்னு என்னைப் பாத்துச் சிரிச்சான். அழுத கண்ணோட ஒரு சிரிப்பு. என்னத்துக்குச் சிரிக்கான்னு எனக்கு விளங்கல. வண்டி கிளம்பப் போகையில சின்ன சாமியை மறிச்சுக் கேட்டேன், நீங்க தட்டுனியளான்னு. அவர் மூஞ்சி வெளுத்துட்டு. "நான் தட்டல அம்மா"ன்னு சிலுவை போட்டுக்கிட்டு ஏறிட்டாவ.

அருள் இப்ப அந்த மலையிலதான் இருக்கான். ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான், சிக்னல் இருந்தா. நானும் அந்தப் பேச்சை எடுக்கல, அவனும் எடுக்கல. போன மாசந்தான் திடீர்னு சொன்னான்.

"அம்மா, உனக்குத் தேங்க்ஸே சொல்லல நான். அன்னைக்கு நீ மட்டும் பின்னால இருந்து தட்டலைன்னா நான் எந்திரிச்சிருக்கவே மாட்டேன்."

"யாருல தட்டுனா?"

"நீதான்மா. எனக்குப் பின்னாலதான் கேட்டுச்சு. பின்னால உன்னைத் தவிர யாரு இருந்தா? அம்மாவே விட்டுட்டா, இனி என்னன்னுதான் எந்திரிச்சேன்."

சாப்பிட்டியா மக்கா, குளிருதான்னு கேட்டுட்டு போனை வச்சிட்டேன். எனக்கு முன்னாலதான் தம்பி கேட்டுது, அந்த நாற்காலியிலதான், எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்.

ஆனா ஒண்ணு. இதை நான் இது வரைக்கும் யார்ட்டயும் சொன்னது இல்ல. அன்னைக்குத் திரும்பி வாரேன், செம்பூர்ல ரயில் ஏறிக் கம்பியைப் பிடிச்சேன், சுள்ளுன்னு வலிச்சுது. பாத்தா வலது கை நடுவிரல் மடக்குற முட்டி செவந்து வீங்கிக் கிடக்கு. வாசக்கதவுல இடிச்சிருப்பேன்னு நினைச்சுக்கிட்டேன். அந்த வாரம் பூரா என்னால கத்திரி பிடிக்க முடியல. பெரிய சாமி என்னைய ஏமாத்துனாரு, சரி. பெத்த மவன் ஒரு வருசம் மறைச்சான், அதுவும் சரி. என் கையுமா தம்பி?