அஜிதா போடாத கையெழுத்து

என் தங்கச்சி அஜிதா வென்றவை: பிரெஞ்சுப் பரீட்சை, மூன்றாம் முறை. பகலில் அலுவலகத்தில் கட்டுமான வரைபடம் கீறிக்கொண்டு, மாலை வகுப்பில் பொறியியல் பட்டம். கைக்குழந்தையோடு பொறியியலாளர் உரிமம். கடைசியாக, முப்பது பாகை. அதைத்தான் எழுதுகிறேன்.

மொன்ட்ரியாலில் அவள் வேலை செய்த அலுவலகம் ஒரு கரீபியன் தீவின் மருத்துவமனைக்குச் சூரிய மின் நிலையம் வடிவமைத்தது. ஆறு வருடமாக அவள் கீறிய படங்களில் மேலாளர் ஹென்றிதான் கையெழுத்திட்டார். உரிமம் கிடைத்ததும் தீவுப் படத்தைக் கையெழுத்துக்கு அவளிடமே நீட்டினார். அந்தத் திங்கட்கிழமை நான் கேக் வாங்கி வைத்திருந்தேன்.

"கையெழுத்து வச்சாச்சோ?"

"இல்லையக்கா. வைக்கேலாது."

படத்தில் சூரியத் தகடுகளின் சாய்வு நாற்பத்தைந்து பாகை. மொன்ட்ரியால் கூரை ஒன்றின் பழைய படத்தை யாரோ அப்படியே பிரதி பண்ணியிருந்தார்கள். இங்கே அந்தச் சரிவில் பனி வழுக்கி விழும். அங்கே வருவது புயல். நிமிர்ந்த தகட்டைக் காற்று பிடுங்கிவிடும்.

"குளிர்க் கோட்டின்ர அளவில சட்டை வெட்டின மாதிரியோ?" என்றேன். எனக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை.

"ஓம், தொப்பியோட சேர்த்து." சிரித்தவள் உடனே கண் கலங்கினாள். "வெள்ளிக்கிழமை படம், தகட்டுக் கால்கள் செய்யிற பட்டறைக்குப் போகவேணும். முதல் படத்திலயே மாட்டன் எண்டால், இனி ஆர் தருவினம்?"

"ஹென்றிக்குத் தெரியாததோ? வச்சிட்டு விடன், பிள்ளை."

"பிழைத் தையலில, ஆர் தைச்சது எண்டு காட்டிற உங்கட நம்பர்த் துண்டை ஒட்டுவியளோ?"

நான் கேக்கை மறுபடி குளிர்பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் அவள் சாய்வை மாற்றவேண்டும் என்றதும் ஹென்றி, "நேரமில்லை" என்றாராம். அவள் வாதாடவில்லை. படத்தின் மூலையில், பழைய படத்திலிருந்து அழிக்க மறந்திருந்த ஒரு வரியை விரலால் காட்டினாள்: பனிச் சுமை.

"அங்க கடைசியா எப்ப பனி கொட்டினது எண்டு கேட்டனக்கா. மனுசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். பேந்து விழுந்து விழுந்து சிரிச்சார்."

மூன்று நாள் கொடுத்தார். அவள் சாய்வை முப்பது பாகை குறைத்துப் பதினைந்தாக்கினாள். தகடுகளைத் தாங்கும் ஒவ்வொரு காலையும் நிலத்தோடு பிணைக்கும் நங்கூர ஆணிகளை இரட்டித்தாள். கணக்கை மூன்று தரம் சரிபார்த்தாள். பிறகு படத்தின் அடியில், அப்பாவின் பெயரையும் சேர்த்து, அஜிதா யோசெப் என்று கையெழுத்திட்டாள்.

கீழே திகதியும் போட்டாள்: 2007 ஒக்டோபர் 19, வெள்ளிக்கிழமை.