வேலை அனுபவம்: இல்லை

மாணவர்களை வேலைக்குத் தயார்படுத்துவது பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால், ஸ்ரீரங்கத்தில் என் தெருக்காரர்கள், "அப்ப எங்க பையனுக்கு ஒரு வேலை பாத்துக் குடுங்களேன்" என்பார்கள். அவர்களிடம் எனக்குக் கோபமில்லை. என் கோபமெல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள்மேல்தான், என்னையும் சேர்த்து.

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். இந்தத் துறையில் இப்போது எந்தக் கட்டுரையைப் புரட்டினாலும் ஒரே பாட்டு: மாணவருக்குப் பேசத் தெரியவில்லை, பழகத் தெரியவில்லை, அனுபவம் போதவில்லை. நானும் அதே மாதிரிக் கேள்வித்தாளை அடித்து என் மாணவிகளிடம் கொடுத்தேன். 'வேலை அனுபவம்' என்ற கட்டத்தில் ஏறக்குறைய எல்லாருமே 'இல்லை' என்று எழுதினார்கள். அதை வைத்து ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன்.

எழுதி முடித்த வாரம், தீபாவளிக்குப் புடவை எடுக்க மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். கூட்டம் நெரிந்தது. புடவைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தவள் என் மூன்றாமாண்டு மாணவி. பக்கத்தில் நிறத்துக்காகச் சண்டை போட்ட மாமியாரையும் மருமகளையும் சமாதானப்படுத்தி, சிரிக்கவும் வைத்து அனுப்பினாள். ஒரு புடவை எடுக்கப் போன நான் மூன்று எடுத்தேன்.

மறுநாள் வகுப்பில் கேட்டேன். "ஏம்மா, அனுபவம் இல்லைன்னு எழுதியிருக்கியே?"

"அது கடை வேலைதானே மிஸ். நீங்க கம்பெனி அனுபவத்தைக் கேக்கறீங்கன்னு நெனச்சேன்."

வகுப்பே தலையாட்டியது. சமயபுரத்தில் அம்மாவின் பூக்கடையைப் பார்த்துக்கொள்கிறவள், துவாக்குடியில் விடுதி மாணவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறவள், எல்லாருமே 'இல்லை'. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எது வேலை, எது வேலையில்லை என்று நாங்கள்தானே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் கேட்கப்போகிறேன் என்று என் நெறியாளரிடம் சொன்னேன்.

"ரெண்டு மாசத்துல உங்க பதிவு காலாவதி ஆயிடும்மா. துணிக்கடையில நிக்கறதெல்லாம் அனுபவம்னு எழுதினா எந்த ஜர்னல்ல போடுவாங்க? ப்ரமோஷனும் போயிடும், பாத்துக்கங்க."

"போகட்டும் சார். பொய்யை எழுதி வாங்கற பட்டம் எனக்கு வேணாம்."

"என்ன பொய்? அவங்க எழுதினதைத்தானே நீங்க எழுதியிருக்கீங்க?"

"நான் கேட்ட விதமே தப்பு சார்."

பதிவை நீட்டிக்கக் கேட்ட விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. நானும் கெஞ்சவில்லை. பதிவு போயிற்று. பதவி உயர்வு எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போயிற்று. வருத்தமில்லை என்று சொன்னால் அதுவும் பொய்தான்.

யார் கையெழுத்தும் தேவைப்படாத ஒரு தாளை நானே அடித்தேன். அதில் கட்டங்கள் கிடையாது. 'இதுவரை நீ செய்த வேலைகள் என்னென்ன? எது உனக்கு நன்றாக வரும்?' அவ்வளவுதான். கீழே ஒரு பக்கம் இடம் விட்டு, வகுப்பில் எல்லாருக்கும் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஜவுளிக்கடைப் பெண் தலை நிமிராமலே கையை நீட்டினாள்.

"மிஸ், இன்னொரு பேப்பர் குடுங்க. இடம் பத்தல."