அப்பா பார்த்துச் சொன்ன அளவு

என்னிடம் இருந்தது பதினெட்டு வருடப் பழைய ஜப்பானிய டர்போ கார். நான்கு கதவு, பார்க்கச் சாதாரணக் குடும்பக் கார் மாதிரிதான் இருக்கும். மிதித்தால் முதுகை சீட்டோடு அழுத்தும். கிள்ளானில் தனியாக வாழ்ந்த நான் எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

அது தயங்க ஆரம்பித்தது. மூன்றாவது கியரில் வேகமெடுக்கும்போது, இன்ஜின் நாலாயிரம் சுற்றைத் தாண்டியதும் ஒரு திக்கல். இரண்டு மூன்று முறை உதறும். காலை எடுத்தால் சரியாகிவிடும்.

பிளக்குகளை மாற்றிப் பார்த்தேன், போகவில்லை. அடுத்த சந்தேகம் பெட்ரோல் மீது. மிதிக்க மிதிக்க இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம் ஏற வேண்டும். கார் ஓடும்போதுதான் அதைப் பார்க்க முடியும். அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்றைப் பெட்ரோல் குழாயில் இணைத்து, அதன் ஹோஸை பானட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, மீட்டரை முன் கண்ணாடியின் இடப்பக்கம் டேப் போட்டு ஒட்டினேன். ஓட்டுகிற நான் சாலையைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் தேவைப்பட்டது.

அப்பாவைக் கூப்பிட்டேன். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் முப்பது வருடம் மீட்டர் பார்த்து எழுதியவர். அம்மா இறந்த பிறகு பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் ஏற்றிக்கொண்டேன். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். ஜெஞ்சாரோம் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஆளில்லாத நேர்ச்சாலை ஒன்று உண்டு. அங்கே போனோம்.

"லேசா போறப்ப நாற்பது காட்டும்ப்பா. நான் மிதிக்கிறப்ப ஐம்பத்தஞ்சுக்கு ஏறணும். என்ன காட்டுதுன்னு சத்தமா சொல்லுங்க."

மிதித்தேன். கார் உதறியது.

"ஐம்பத்தஞ்சு" என்றார்.

திரும்பி வந்து மறுபடி மிதித்தேன். ஐம்பத்தைந்து. மூன்றாவது முறையும் அதேதான். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"நல்லா பாருங்கப்பா. இவ்ளோ உதறுது, முள்ளு ஆடவே இல்லையா?"

கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "ஐம்பத்தஞ்சுதாம்மா."

வேகம் அவரைப் பயமுறுத்திவிட்டது என்று நினைத்தேன். பெட்ரோலில் குறையில்லை என்று முடிவு கட்டி, அடுத்த இரண்டு வாரத்தில் காயில்களை மாற்றினேன், சென்சார் ஒன்றையும் மாற்றினேன். உதறல் அப்படியே இருந்தது. கடைசியில் கிள்ளானிலேயே ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பெட்ரோல் அழுத்தம் பார்த்தாகிவிட்டது என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. மீட்டரை மறுபடி ஒட்டிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரே ஒரு முறை மிதித்தேன்.

"போதும், காலை எடுங்க" என்றார். "முப்பதுக்கு இறங்குது தங்கச்சி. பம்ப் போச்சு லா. இதை யாரு பார்த்தா?"

"எங்கப்பா."

"இப்படியே ஓட்டியிருந்தா பிஸ்டன் ஓட்டையாயிருக்கும்."

பம்ப்பை மாற்றினார். கார் வழுக்கிக்கொண்டு போனது. நான் நேராகப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். கோபத்தோடுதான் போனேன். உட்காரக்கூட இல்லை.

"முப்பதுக்கு இறங்கியிருக்குப்பா. நீங்க என்னத்தைப் பார்த்து ஐம்பத்தஞ்சுன்னு சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீதானே ஐம்பத்தஞ்சு வரணும்னு சொன்னே."

"கண்ணு தெரியலயா?"

"முள்ளு நல்லா தெரிஞ்சுச்சு. அது எந்த நம்பர்னுதான் வரமாட்டேங்குது."

அதன் பிறகுதான் வீட்டைக் கவனித்தேன். மேசையில் மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. பிரிக்காத கடிதங்கள் டிவிக்குப் பின்னால் செருகப்பட்டிருந்தன. மாதக்கணக்கில் அவர் எனக்குப் போன் செய்யாததற்கு, என் வேலையைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைக்கிறார் என நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா."

"அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேப்பா."

"நீ ரொம்ப நாள் கழிச்சுக் கூப்பிட்டே. முடியாதுன்னா வேற ஆளைக் கூட்டிட்டுப் போயிருப்பே."

ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொன்னார்கள். இனி குறையாது, கூடத்தான் செய்யும் என்றார்கள். அப்பாவைக் கிள்ளானுக்கு அழைத்து வந்துவிட்டேன். அது நாங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகவே கூடியது. முதலில் வழிகள் போயின, பிறகு சாப்பிட்டது, பிறகு அம்மா இறந்துபோன விஷயம்.

அந்தச் சாலையில் எரிந்து விழுந்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து, ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போட்டேன். போன வாரம் காலையில் சோறு ஊட்டும்போது கேட்டேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, பஸ்ஸில் தெரியாமல் காலை மிதித்தவரிடம் சொல்வதுபோல, மரியாதையாகச் சொன்னார்.

"பரவாயில்லைங்க."