அம்மா காக்காயோடு பேசிய மாதங்கள்

போன சனிக்கிழமை மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். கேளம்பாக்கத்துப் பள்ளிக்கூடம் என்றால் தெரியுமே, பாதிப் பெற்றோர் வெளிமாநிலம். வகுப்பு மிஸ், "வீட்டில் குழந்தையோடு உங்கள் தாய்மொழியிலேயே பேசுங்கள்" என்றார். அதை இங்கிலீஷில்தான் சொன்னார் என்பது வேறு விஷயம். ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா தயங்கித் தயங்கி, "நாங்கள் பேசுவது சந்தாலி. அதிலுமா?" என்று கேட்டார். "அதில்தான். உங்கள் பெண்ணுக்குத் தெரிந்த பாட்டு இருந்தால் வகுப்பிலும் பாடட்டும்" என்றார் மிஸ். அந்த அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. எனக்கும் என்னவோ பெருமூச்சு வந்தது. முன்வரிசைச் சிறுமியின் இரட்டைப் பின்னலிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வேறு. அதற்கு மேல் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டில், ஸ்டேஷன் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். காலையில் அம்மா எனக்குத் தலை பின்னுவாள். பின்னுவது கை, வாய்க்கு வேறு வேலை. படாளத்தில் அவள் பிறந்த வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, பக்கத்து வீட்டுக்காரியின் சண்டை, மீன்காரி சொன்ன பேய்க்கதை என்று வந்துகொண்டே இருக்கும். "ஆடாத நில்லுடி, வகுடு கோணிக்கினு போவுது" என்று நடுவில் ஒரு குட்டு. பின்னல் முடிந்தாலும் கதை முடியாது. மிச்சத்துக்கு மறுநாள் வரை காத்திருப்பேன்.

மூன்றாம் வகுப்பில் என்னை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினார்கள். முதல் கூட்டத்திலேயே ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார், வீட்டிலும் இங்கிலீஷ் மட்டும்தான் என்று. அப்பா திருநெல்வேலிக்காரர், கல்பாக்கத்தில் வேலை. மேலே இருப்பவர்கள் சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. வீட்டுக்கு வந்ததும், "இனிமே பிள்ளகிட்ட தமிழே கெடையாது, கேட்டியா?" என்று அறிவித்தார். தமிழில்தான்.

அம்மாவிடம் இருந்த இங்கிலீஷ் கம், கோ, ஈட், ஸ்லீப். இதை வைத்துக்கொண்டு எருமையை எப்படி ஓட விடுவது? என் படிப்பு கெட்டுவிடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டாள். தலை பின்னும்போது சீப்பின் சத்தம் மட்டும் கேட்கும். அப்பாவோ கால்விரலை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் தாராளமாகத் தமிழில் அலறுவார்.

பேசிப் பழகிய வாய் எத்தனை நாள் சும்மா இருக்கும்? சமையலறை ஜன்னலுக்கு வரும் காக்காயைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா காக்கா, தோச ஆறிக்கினு கீது, துன்ன ஆளக் காணோமே" என்பாள். அது எனக்கு. "மானம் இருட்டிக்கினு வர்து, கொடைய மறந்துட்டுப் போறாங்க பாரு." அதுவும் எனக்குத்தான். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னால் அல்லவா? எனக்கு அந்தக் காக்காய் மேல் பொறாமையாக இருந்தது. சிரிக்காதீர்கள். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன், அதனால்தான் அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போயிற்று என்றே நம்பினேன்.

ஒருநாள் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் அம்மாவைப் பற்றி இங்கிலீஷில் சொல்ல வேண்டும். எல்லோருடைய அம்மாவும் அன்பானவர், நன்றாகச் சமைப்பவர். நான் எழுந்து, என் அம்மா என்னோடு பேச மாட்டாள், காக்காயோடுதான் பேசுவாள் என்று தப்பில்லாமல் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. வீட்டில் ஏதோ விபரீதம், அம்மாவுக்கு மனசு சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டார். மறுநாளே அப்பாவையும் அம்மாவையும் வரவழைத்தார்கள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் மெதுவாக, "வீட்ல என்னம்மா பிரச்சினை?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "மேடம், நீங்கதானே இங்கிலீஷ் மட்டும்னு..." என்று இழுத்தார். அதற்கு மேல் அம்மாவால் முடியவில்லை.

"எனுக்கு இங்கிலீஷு வராது மேடம். புள்ள படிப்பு கெட்டுடப்போவுதுன்னு வாய மூடிக்கினு கீறேன். பெத்த பொண்ணாண்ட பேசாம எத்தினி நாளிக்குதான் இருக்கறது?" என்று அழுதுவிட்டாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஐயோ, நான் இப்படி ஆகும்னு நெனைக்கலம்மா. நீங்க பேசுங்க. உங்களுக்கு வர்றதுல பேசுங்க" என்றார். மற்ற வீடுகளுக்கு உத்தரவு அப்படியேதான் இருந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் விலக்கு.

கொளவாய் ஏரிப் பக்கம் நடந்து வரும்போது அம்மா வாயைத் திறந்தவள், வீடு வரை மூடவில்லை. மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தது. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். என்ன சொன்னாள் என்று இப்போது ஒன்றும் நினைவில்லை. காய்ச்சல் விட்ட மறுநாள் ரசம் சோறு இறங்குமே, அப்படி ஒரு நிம்மதி. இங்கிலீஷ் என்னவோ அதுபாட்டுக்கு வந்தது. அதை வைத்துத்தான் இன்று சம்பளம் வாங்குகிறேன்.

பிற்பாடு பொத்தேரியில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோதும் அம்மாவின் போன் வந்தால் சீக்கிரத்தில் வைக்க முடியாது. அறைத்தோழிகள் அவள் குரலை ரேடியோ என்பார்கள்.

அந்தப் பள்ளி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். இன்று எங்கள் வீட்டில் 'இன்னா'வும் இல்லை, 'கீது'வும் இல்லை. யாரும் தடை போடவில்லை, ஆபீசிலும் அடுக்குமாடியிலும் தானாகத் தேய்ந்து போயிற்று. அம்மாவும் போய்விட்டாள். ஆனால் என்னிடம் பேச வேண்டியதை எல்லாம் பேசிவிட்டுத்தான் போனாள்.